வலன்ரைன் வராத காலை

ரோமிலிருந்து அவர்களோடு வந்த பயணிகள் எல்லோரும் போய்விட்டார்கள். பலெர்மோ விமான நிலைய வாசலில் கிறிகோரியும் மனைவி விமலராணியும் மட்டும் பெட்டிகளோடு நின்றார்கள். கூட்டிப்போக வருவதாகச் சொன்ன வலன்ரைனைக் காணவில்லை.

"அண்ணை சொன்னாச் சொன்னதுதான். வழியிலை நிப்பார்," என்றார் கிறிகோரி.

விமலராணி தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. முதல்நாள் மாலை அவள் அனுப்பிய செய்தியையும் வலன்ரைன் பார்த்ததாகத் தெரியவில்லை.

ரொறன்ரோவிலிருந்து அவர்கள் புறப்பட்டு ஒரு மாதமாகிவிட்டது. பாரிசில் அவளுடைய தங்கை வீடு, அங்கிருந்து லூர்து, பிறகு ஜெர்மனியில் ஒரு கலியாணம், ரோமில் பார்க்கவேண்டியதெல்லாம். பலெர்மோ கடைசி. ஆனால் பயணம் தொடங்கியதே பலெர்மோவை நினைத்துத்தான். இளமையில் சொந்த ஊரான பேசாலையிலிருந்து அண்ணனும் தம்பியுமாக இந்த ஊருக்குத்தான் வந்தார்கள். கிறிகோரி இரண்டு வருடத்தில் கனடாவுக்குப் போய் பஸ் ஓட்டத் தொடங்கினார். வலன்ரைன் இங்கேயே தங்கிவிட்டார், கலியாணமும் செய்யவில்லை. அதன்பிறகு இருவரும் பார்த்துக்கொண்டதெல்லாம் தொலைபேசித் திரையில்தான். போன மாரிகாலத்தில் கிறிகோரிக்கு மாரடைப்பு வந்து இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணையை ஒருக்காப் பாக்கவேணும்" என்பதுதான்.

அதனால் விமலராணிக்கு இப்போது ஒன்றல்ல, இரண்டு பயம். வலன்ரைனுக்கு ஏதாவது நடந்திருக்குமோ என்பது ஒன்று. அப்படி நடந்திருந்தால் இந்த மனுசன் அதைத் தாங்குவாரா என்பது மற்றது.

"நாங்களே போவம் ராணி. விலாசம் கிடக்குத்தானே," என்று கிறிகோரி பெட்டியை இழுத்தார்.

நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மொட்டைப் பாறை மலை. முன்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று படம் எடுத்தார்கள். "அந்தா பார், கடலின்ரை நிறத்தை!" என்று கிறிகோரி காட்டினார். குரலில் உற்சாகம் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. அவர் கை நெஞ்சைத் தடவுவதை அவள் பார்த்தாள்.

"ஏதும் செய்யுதோ?"

"ஒண்டும் செய்யேல்லை. சும்மா வா."

பல்லரோச் சந்தை கிறிகோரிக்கு நினைவிருந்தது. மீன்காரர்களின் கூச்சலுக்குள்ளும் பனிக்கட்டி உருகிய தண்ணீருக்குள்ளும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு ஒடுங்கிய சந்துக்கு அவளைக் கூட்டிப்போனார். வலன்ரைனின் பெயர் கதவுமணியின் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அழுத்தினார். பதில் இல்லை. மறுபடி அழுத்தினார்.

எதிரே இருந்த தமிழ்க் கடையிலிருந்து வயதான பெண் ஒருத்தி வெளியே வந்து கிறிகோரியின் முகத்தையே பார்த்தாள்.

"கனடாத் தம்பியோ? தமையன்ரை முகம் அப்பிடியே கிடக்கு. நான் சூசையம்மா, வலன்ரைன் தம்பி சொல்லியிருப்பார். எங்கை அவர்?"

"அண்ணை வரேல்லை அக்கா. போனும் எடுக்கிறாரில்லை."

சூசையம்மாவின் முகம் மாறியது. அவளிடம் ஒரு சாவி இருந்தது. மூவரும் படியேறிப் போனார்கள். இடையில் கிறிகோரி மூச்சு வாங்க நின்றார்.

சிறிய அறை. கட்டிலில் புது விரிப்பு. அதன்மேல் விலைச்சீட்டுக்கூடக் கழற்றாத இரண்டு துவாய்கள். குளிர்பெட்டியைத் திறந்தால் வெட்டிக் கழுவி மஞ்சள் தடவிய மீன், பாற்கட்டி, கிறிகோரிக்குப் பிடித்த பச்சை ஒலிவ்காய். விமலராணி குளிர்பெட்டியை மூடினாள். இப்படி ஆயத்தம் செய்து வைத்தவர் மறந்துபோய் வராமல் இருக்கமாட்டார்.

அவள் சூசையம்மாவை வாசலுக்கு வெளியே இழுத்தாள். "அக்கா, ஏதும் தெரிஞ்சா எனக்கு மட்டும் சொல்லுங்கோ. இவருக்கு இருதய வருத்தம்."

"என்ரை மாதாவே, எனக்கென்ன தெரியும் தங்கச்சி! ஞாயிறு பின்னேரம் வந்து இதெல்லாம் செய்துபோட்டுப் போனார். வியாழனும் ஞாயிறும்தானே அவருக்கு லீவு. மற்ற நாள் ராப்பகலா சிஞ்ஞோரின்ரை வீட்டிலை."

"எந்தச் சிஞ்ஞோர்?"

"லிபெர்த்தாத் தெருப் பக்கம் ஒரு கிழவர். கன வருசமா இவர்தான் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, எல்லாம் பாக்கிறார். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சொன்னதில்லை. ஒரு வீட்டில் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தார். திரையில் அவர் பின்னால் தெரிந்த உயர்ந்த கூரையையும் பல்கனியையும் அவருடைய சொந்த வீடென்றே இவர்கள் நினைத்திருந்தார்கள்.

அதே தெருவில் துப்புரவு வேலை செய்யும் தன் மருமகள் கிளறாவைச் சூசையம்மா தொலைபேசியில் பிடித்தாள். ஓம், ஓம் என்று கேட்டவள், யோசிக்காமல் உரக்கச் சொல்லிவிட்டாள்: "விடிய அந்த வீட்டு வாசலிலை அம்புலன்ஸ் நிண்டதாம்!"

கிறிகோரி புது விரிப்பின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆருக்காம்?" என்று அவர் கேட்டார்.

"அது அவளுக்குத் தெரியாதாம்."

பெட்டிகளை அறையிலேயே விட்டுவிட்டு மூவரும் பஸ் ஏறினார்கள். பொலிதேயாமா சதுக்கத்தைத் தாண்டமுடியாமல் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன. கடைக் கண்ணாடிகளைப் பார்த்து நடக்கும் சனங்களை விமலராணி வெறித்துப் பார்த்தாள். நடந்தே போயிருக்கலாமோ? இவரை நடக்கவைக்க முடியுமா? ஆஸ்பத்திரிகளில் விசாரிப்பதென்றால் என்ன பாஷையில் விசாரிப்பது? அவள் கணவரின் கையைப் பிடித்தாள். அன்பாகப் பிடிப்பதுபோலத்தான் பிடித்தாள். விரல் மணிக்கட்டின் நாடியில் இருந்தது. அது வேகமாக அடித்தது.

"என்ரை நாடியை எண்ணாதை ராணி," என்றார் அவர், வெளியே பார்த்தபடி.

கிளறா சொன்ன கட்டிடத்தின் பெரிய மரக்கதவு திறந்திருந்தது. காவற்காரர் தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எழுந்து வந்தார். கிறிகோரி துருப்பிடித்த தன் இத்தாலியனில் அண்ணனின் பெயரைச் சொல்லி, "மியோ ஃப்ராத்தெல்லோ" என்றார். என்ரை சகோதரம். காவற்காரர் அவர் முகத்தை ஒருதரம் பார்த்தார். உடனே லிப்டைத் திறந்துவிட்டு, நாலாம் மாடி என்று விரலால் காட்டினார். பிறகு தலையை ஆட்டி, மெல்லிய குரலில், "ஸ்தா மொரேந்தோ" என்றார்.

லிப்டின் கதவு மூடியது. கிறிகோரியின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன சொன்னவன்?" என்றாள் விமலராணி.

"சாகக் கிடக்கிறாராம்."

"ஆர்?"

"ஆரெண்டு சொல்லேல்லை. இவங்கடை பாஷையிலை ஆள் ஆரெண்டு சொல்லாமலே அப்பிடிச் சொல்லலாம்."

சூசையம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். நாக்கின் கீழ் அடிக்கும் மருந்தை விமலராணி பையிலிருந்து எடுத்து உள்ளங்கைக்குள் மறைத்து வைத்தாள். அந்தப் பழைய லிப்ட் நகருகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஆண்டவரே, அவராக இருக்கக்கூடாது என்று வேண்டினாள். அப்படியானால் வேறு யாரோ ஒருவர் சாகவேண்டும் என்றல்லவா கேட்கிறேன் என்று தோன்றி, அதற்கும் பயந்தாள்.

கதவைத் திறந்தது வலன்ரைன்தான்.

முகம் மழிக்கவில்லை, கண் சிவந்திருந்தது. முழங்கைவரை சட்டைக் கையை மடித்திருந்தார். தம்பியின் தோளைப் பிடித்தார். உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டதும், "வாடா... மெல்லமா வா," என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார்.

படுக்கையில் எலும்பும் தோலுமாக ஒரு கிழவர். அவர் கை விரிப்பின்மேல் எதையோ தேடி அலைந்தது. வலன்ரைன் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையைக் கொடுத்ததும் முனகல் நின்றது.

"நேற்றுப் பின்னேரம் இவருக்கு வருத்தம் கூடிப்போச்சு," என்றார் வலன்ரைன், தம்பியைப் பார்க்காமல். "விடிய அம்புலன்ஸ் கூப்பிட்டன். டொக்டர் பாத்திட்டு, இனிக் கொண்டுபோய்ப் பிரயோசனமில்லை, வீட்டிலையே இருக்கட்டும் எண்டிட்டார். இவற்றை மகள் தூரத்திலை, தொரீனோவிலை. பின்னேரம்தான் வந்துசேருவா. கையை எடுத்தா இவர் கத்துறார்."

"போன்?" என்றார் கிறிகோரி.

"சத்தத்துக்கு இவர் திடுக்கிடுறார் எண்டு மணியை மட்டும் நிப்பாட்டிக் குசினியிலை வைச்சன். பிறகெண்டாலும் எடுத்துச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு வாறவனிட்டை, வரேலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? வாய் வரேல்லை."

"அம்புலன்ஸ் நிண்டதெண்டு கேட்டனாங்கள். நீங்கள் செத்துப்போனியள் எண்டு நினைச்சன் அண்ணை!" கிறிகோரியின் குரல் உடைந்தது. விமலராணி மருந்தோடு முன்னால் வந்தாள். அவர் அவள் கையை விலக்கிவிட்டு அண்ணனின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். ஒருவர் கட்டிலோரத்தில் உட்கார்ந்தும் மற்றவர் நின்றும் இருந்ததால் அப்படித்தான் கட்டிப்பிடிக்க முடிந்தது. சூசையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடை தனியக் கிடக்கு என்று புறப்பட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வலன்ரைனின் தலை தானாகச் சாயத் தொடங்கியது. கிறிகோரி பார்த்தார்.

"எழும்புங்கோ. போய்ப் படுங்கோ. நான் இருக்கிறன்."

"உன்ரை நெஞ்சோடை..."

"இருக்கிறதுக்கு நெஞ்சு என்னத்துக்கு?"

கைமாறியது. கிழவரின் விரல்கள் புதிய கையைத் தடவிப் பார்த்தன. "வலந்தீனோ?" என்று ஒரு காற்றுக்குரல் கேட்டது.

"ஸி," என்றார் கிறிகோரி. ஓம்.

வலன்ரைன் மூலையிலிருந்த சாய்கதிரையில் விழுந்தவுடன் தூங்கிப்போனார். விமலராணி குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டாள். கணவருக்கு மதிய மருந்துக் குளிசைகளைக் கொடுத்தாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கிழவரின் மூச்சையும் கணவரின் மூச்சையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று நின்றுவிடுமோ என்று பயந்து திரும்பினால், மற்றது கேட்காததுபோல் இருந்தது.

கிழவர் இடையிடையே ஏதோ கேட்டார். கிறிகோரி எல்லாவற்றுக்கும் "ஸி" என்றார். ஒருமுறை மட்டும் திரும்பி, தூங்கும் அண்ணனைப் பார்த்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"என்ன கேக்கிறார்?" என்றாள் விமலராணி கலங்கி.

"உன்ரை தம்பி வந்திட்டானோ எண்டு கேக்கிறார்."

கிழவரின் விரல்கள் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல் அசைந்தன. கிறிகோரி குனிந்து, சொல்லைத் தேடிப்பிடித்து, வந்திட்டான் என்று இத்தாலியனில் சொன்னார். கிழவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாலையில் மகள் வந்தார். மறுநாள் மதியம், மகள் ஒரு பக்கமும் வலன்ரைன் மறுபக்கமும் இருக்க, கிழவர் போய்ச் சேர்ந்தார். இறுதிப் பூசையின்போது பின்வரிசையில் நின்ற வலன்ரைனை மகளே வந்து கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிப்போனார். கிறிகோரியும் விமலராணியும் பயணத் திகதியைத் தள்ளிப்போட்டார்கள். பார்க்க நினைத்த தேவாலயங்கள் பலவற்றைப் பார்க்கவில்லை. பல்லரோ அறையில் கட்டிலை அவர்களுக்கு விட்டுவிட்டு வலன்ரைன் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் மலைமேல் உள்ள சாந்த ரொசாலியா கோயிலுக்குப் போனார்கள். பஸ்ஸில் கிறிகோரி கேட்டார்: "இனி என்ன செய்யப்போறியள்? எங்களோடை வந்து நில்லுங்கோவன்."

"வந்து கொஞ்ச நாள் நிக்கிறன். பிறகு திரும்பத்தான் வேணும். சிஞ்ஞோரின்ரை மகளும் என்னைப் பற்றி ஆரோ ஒரு வயதான சிஞ்ஞோராவுக்குச் சொல்லியிருக்கிறாவாம். சரிவருமோ தெரியேல்லை." அவர் வெளியே பார்த்தார். "விடிய எழும்பினா என்ன செய்யிறதெண்டு இன்னும் பிடிபடேல்லை."

கோயிற் படிகளில் ஏறும்போது வலன்ரைன் தம்பியின் முழங்கையை அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் கிழவன் இல்லை அண்ணை."

"தெரியும். கை பழகிப்போச்சு."

கிறிகோரி கையை இழுத்துக்கொள்ளவில்லை. விமலராணி அவர்கள் பின்னால் ஏறினாள். இனிக் கவனிக்கவேண்டியவர்கள் இரண்டு பேர் என்று அவளுக்குத் தோன்றியது.