ஓடைக்கரை மூலை

2019 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை பிற்பகல், இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டம் ஹார்ல்ஸ்டெட் கிராமத்தில் ராய் கேச்போலின் பண்ணையில் கோதுமை அறுவடை முடிந்தது. எண்ணெய்க்கடுகு விதைப்பை வியாழக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். விதைத்துவிட்டால் அடுத்த அறுவடைவரை அங்கே யாரும் தோண்ட முடியாது.

நெவில் தர்லோ அன்று மாலை மதுக்கடையில் இருந்தபோதே இது தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடங்களாக அந்தப் பண்ணையில் உலோகம் காட்டும் டிடெக்டர் கருவியோடு பழைய காசு தேடி வருபவர் அவர். எல்லா வயலையும் பார்த்தாகிவிட்டது, ஓடைக்கரை மூலை ஒன்றைத் தவிர. அங்கே முட்புதர் மண்டிக் கிடந்ததால் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பழைய வரைபடத்தில் ஆட்டு மந்தைக்காரர்கள் ஓடையைக் கடந்த வழி அதுதான். மந்தை நின்ற இடத்தில் காசு கைமாறியிருக்கும், கைமாறிய இடத்தில் ஒன்றிரண்டு விழுந்திருக்கும். இந்தக் கோடையில்தான் ராய் புதரை வெட்டிச் சமப்படுத்தியிருந்தார்.

அறுவடை முடிந்ததும் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும். அதுதான் வழக்கம். ஆனால் மார்ச் மாதத்திலிருந்து நெவிலின் மனைவி லோர்னா அந்த வீட்டில் ராயோடுதான் இருந்தாள்.

"கேட்கப் போறியா?" என்றார் நெவிலோடு கூடவே காசு தேடப் போகும் ட்ரெவர்.

"பார்க்கலாம்."

"கெடச்சதுல பாதிக்குப் பாதின்னுதானய்யா அவனோட பேச்சு? உன் விஷயத்துல முழுசா எடுத்துக்கிட்டானே!"

பக்கத்து மேசையில் இருவர் சிரித்தார்கள். நெவிலும் கொஞ்சம் சிரித்தார். சிரிக்கும்போது எதுவும் வலிக்கவில்லை என்பதைக் கவனித்தார். பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது.

"பொண்டாட்டிதான் போயிட்டா, அந்த மூலையையாவது விட்டுடாத" என்றார் ட்ரெவர், இந்த முறை சிரிக்காமல்.

ஞாயிறு காலை நெவில் பின்வாசல் கதவைத் தட்டினார். லோர்னா திறந்தாள். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"நெவில்."

"ராய் இருக்காரா? அனுமதி கேட்க வந்தேன்."

"காசு தேடவா?"

"ஓடைக்கரை மூலை."

அவள் உள்ளே திரும்பி ராயைக் கூப்பிட்டாள். ராய் காலுறையோடு வந்து நின்றார். ஆறடி உயரம். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வாங்க நெவில். வா... உள்ள வாயேன்."

"பூட்ஸ் சேறா இருக்கு. மூலைய ஒரு தடவை பார்த்துக்கலாமா?"

"தாராளமா. இதுக்கெல்லாம் கேட்கணுமா?"

"கேட்கணும்" என்றார் நெவில்.

"ஒரு விஷயம்" என்றாள் லோர்னா. "கெடைக்கிறத நீயே கொண்டுவந்து காட்டணும்."

கண்டெடுத்தவற்றை நிலக்காரரிடம் அன்றன்றே காட்டுவது மரியாதை. பன்னிரண்டு வருடங்களாக நெவில் அந்த மரியாதையை லோர்னாவிடம் விட்டிருந்தார். அவள் சாண்ட்விச்சும் தேநீர்க் குடுவையும் கொண்டுவருவாள். அதுவரை கிடைத்ததையெல்லாம் அவர் ஒரு மார்ஜரின் டப்பாவில் போட்டுக் கொடுப்பார். அவள் பண்ணை வீட்டுக்கு நடந்துபோய்க் காட்டிவிட்டு வருவாள். அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தேடக் கிடைக்கும். சில நாட்களில் இரண்டு மணி நேரம்.

"சரி" என்றார்.

அன்று முழுக்கக் குப்பைதான். தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகங்கள், பீர் டப்பா வளையம், ஈயத் துண்டுகள். இரும்பைக் கருவி கண்டுகொள்ளாதபடி திருகி வைத்திருந்தார். மற்றபடி அது எழுப்பிய எந்தச் சத்தத்தையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் மண்டியிட்டார், புல்லோடு மண்ணை வட்டமாக வெட்டி எடுத்துப் பார்த்தார், திரும்ப மூடி மிதித்தார்.

திங்கட்கிழமை வங்கி விடுமுறை, நாடு முழுக்க ஓய்வு நாள். நல்ல வெயில். மூலையின் பாதியை முடித்திருந்த நேரத்தில் மெல்லிய சத்தம் ஒன்று வந்தது, மிட்டாய்த் தாளுக்கு வருவது போல. சுத்தியலால் அடித்துச் செய்த பழங்காசுகளும் அப்படித்தான் ஒலிக்கும். விரல் நகம் அளவுக்கு வெள்ளி, ஒரு பக்கம் நீண்ட சிலுவை, மறுபக்கம் கிரீடம் வைத்த முகம். முதலாம் எட்வர்ட் மன்னரின் பென்னி. எழுநூறு வருடம் மண்ணில் கிடந்தது. வேறொரு வருடமாக இருந்தால் ட்ரெவருக்குக் கேட்கும்படி கத்தியிருப்பார். இப்போது அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று மட்டும் யோசித்தார். காட்ட வேண்டும்.

பூட்ஸைக் கழற்றிவிட்டு முதல்முறையாக அந்தச் சமையலறைக்குள் போனார். மேசையில் காசை வைத்தார். லோர்னா இழுப்பறையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்தாள். காசின் முகத்தைத் தொடாமல் ஓரத்தை மட்டும் பிடித்தாள்.

"பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர்ல அடிச்சது" என்றாள். "எழுத்தப் பாரு."

அவர் அதை இன்னும் படிக்கவில்லை. அவள் சொன்னது சரி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ குடுத்தனுப்பினத எல்லாம் நாங்க உட்கார்ந்து பார்ப்போம். ஞாயித்துக்கிழமைதோறும். ராய்கிட்ட புத்தகம் இருக்கு."

ராய் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எதுலேருந்து ஆரம்பிச்சுது?" என்றார் நெவில். "அந்த முதலாம் எலிசபெத் ராணி சிக்ஸ்பென்ஸ் வெள்ளிக் காசு கெடச்சதே, அப்பவா?"

லோர்னா புரியாத மாதிரி நடிக்கவில்லை. "அதுக்கு முன்னாடி. ஒரு பொத்தான்."

"என்ன பொத்தான்?"

"பித்தளை. நீ பார்க்கக்கூட இல்ல. டப்பாவுல போட்டு, 'குப்பை, போற வழியில எறிஞ்சிடு'ன்ன. ராய்தான் கழுவினார். நங்கூரம் இருந்துது, கடற்படைப் பொத்தான். யாரோ ஒரு மாலுமி இங்க வயல் வேலைக்கு வந்திருக்கான்னு ரெண்டு மணி நேரம் பேசிட்டிருந்தோம். திரும்பி வந்து உன்கிட்ட சொன்னேன் நெவில். நீ ஹெட்போனக் கழட்டல."

நெவில் நினைவுபடுத்திப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் அங்கே எடுத்த ஒவ்வொரு காசும், எடுத்த இடமும் அவருக்குத் தெரியும். பொத்தான் நினைவில் இல்லை.

"மன்னிச்சிரு நெவில்" என்றார் ராய். சன்னலைப் பார்த்தபடியேதான் சொன்னார். பிறகு திரும்பி, "காசு முழுக்க உன்னோடதுதான். எனக்குப் பாதி வேண்டாம். மூலை முடிஞ்சுதா?"

"பாதி இருக்கு."

"விதைப்ப அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடறேன். ட்ராக்டர் என்னோடதுதானே. நிதானமா பாரு. சாயங்காலம் வந்து காட்டு. லோர்னா டீ போடுவா."

நெவில் மேசையிலிருந்து காசை எடுத்தார்.

"தள்ள வேண்டாம்" என்றார் நெவில். "மழைக்கு முன்னாடி விதைச்சிருங்க."

"பன்னெண்டு வருஷமா அந்த மூலைக்காகக் காத்திருந்தியே" என்றாள் லோர்னா.

"ஆமா."

காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறுகளைக் கட்டினார். இடது கயிறு முடிச்சு விழுந்து நேரமானது. லோர்னா கதவருகே நின்றாள்.

எண்ணெய்க்கடுகு வியாழக்கிழமை விதைக்கப்பட்டது. மூலையின் மறுபாதி தேடப்படவில்லை. அடுத்த ஆண்டு அறுவடைக்குப் பிறகு அனுமதி கேட்டு யாரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை.