வேன் விற்று வாங்கிய பட்டம்

என் தொழில் பழைய வண்டிகளுக்கு விலை சொல்வது. நான் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. நடுவில் நின்று, இது இவ்வளவுதான் பெறும் என்று சொல்லிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். இரண்டு பக்கமும் என்னைத் திட்டினால் சரியான விலை சொல்லியிருக்கிறேன் என்று அர்த்தம். அதனால்தான் மாமனார் வீட்டுப் பாகப்பிரிவினையில் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். விலை சொல்ல வேண்டியது ஒரு படிப்புக்கு.

மாமனார் போய் ஒரு வருடம் ஆகிறது. மாமியார் அவருக்கு முன்பே போய்விட்டார். வீட்டை விற்று மூன்று பிள்ளைகளும் சமமாகப் பிரித்துக்கொள்வதாகப் பேச்சு. மூத்தவள் என் மனைவி. அடுத்தவன் மச்சான், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கடைக்குட்டி சமூகப் பணியில் இளங்கலைப் பட்டம் வாங்கி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். குணமான நோயாளி எந்த வீட்டுக்குப் போகப் போகிறார், அங்கே கட்டில் இருக்கிறதா, மருந்து எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்து ஏற்பாடு செய்வது அவள் வேலை. மச்சான் அவளுக்கு வைத்த பெயர் தியாகி. "அடுத்தவன் வீட்டுக் கண்ணீரைத் துடைக்க ஒரு காலேஜு, அதுக்கு ஒரு ஃபீஸு" என்பான்.

அந்த ஃபீஸ்தான் இப்போது வில்லங்கம். மாமனார் சரக்கு வேன் ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தார். அதை விற்றுத்தான் மகளைப் படிக்க வைத்தார். அன்றைக்கு அந்த வேனுக்கு விலை சொன்னதும் நான்தான்.

மச்சானின் வாதம் இது. "வேன் அப்பா சொத்து மாமா. அது போச்சு, படிப்பு வந்துச்சு. அந்தப் படிப்பு இப்ப யார்கிட்ட இருக்கு? எங்கிட்டயா, அக்காகிட்டயா? அப்ப அவ பங்குல பாதிக்கு மேல ஏற்கெனவே வாங்கிட்டா. வேன் ஓடியிருந்தா என்ன சம்பாதிச்சிருக்குமோ அதையும் சேத்தா, கிட்டத்தட்ட முழுசும் சரியாப் போச்சு."

கேட்பதற்கு அநியாயமாக இருந்தாலும் ஆள் கணக்கில் புலி. ஓட்டை எங்கே என்று எனக்கு உடனே பிடிபடவில்லை.

தியாகிக்கு அந்தப் பங்கு வந்தே ஆக வேண்டும். அவள் இருக்கும் வாடகை அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சின்னதாக ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாள். வங்கியில் அவள் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, பாதிப் பணத்தை முதலில் நீங்களே கட்டினால் யோசிக்கிறோம் என்றார்களாம். அந்தப் பாதிதான் இந்தப் பங்கு. அவள் சம்பளம் மச்சானின் பட்டறையில் வேலை பார்க்கும் மூத்த வெல்டரின் சம்பளத்தைவிடக் குறைவு. இதையும் மச்சானே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறான்.

ஆக, நிலைமை தலைகீழ். இத்தனை வருடம் "அது ஒரு படிப்பா?" என்று கேட்டவன், அது பெரிய சொத்து என்று நிரூபிக்க வேண்டும். அந்தப் படிப்பைப் பற்றி யார் ஒரு வார்த்தை சொன்னாலும் சண்டைக்கு வருகிறவள், அது காலணா பெறாது என்று நிரூபிக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி முறைத்ததும் அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் சாமான்களையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். அலமாரி இருந்த இடத்தில் மட்டும் சுவர் பழைய நிறத்தில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் நால்வர். மச்சான் மனைவி உட்காராமல் சமையலறை வாசலில் நின்றாள். தியாகி மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கப் போவது தெரிந்தது. ஆனால் என் தொழில் வழக்கம் ஒன்று உண்டு. வண்டி நல்ல வண்டி என்று சொல்கிறவனைத்தான் முதலில் பேசவிடுவேன்.

"நீ இரும்மா" என்றேன். "மாப்ளே, இது நல்லா ஓடுற வண்டின்னு நீதானே சொல்றே? எங்கெங்க ஓடுச்சுன்னு சொல்லு. ஓடாத வண்டிக்கு நான் விலை போட மாட்டேன்."

மச்சான் உற்சாகமாகிவிட்டான்.

"அப்பாவுக்குக் கை கால் விழுந்தப்ப ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. இவதான் சட்டம் பேசி அங்கேயே வச்சு நடக்கப் பழக்கினா. வெளியில அதுக்கு என்ன ஆகும்? சக்கர நாற்காலி, கட்டிலு, ஒண்ணுக்காவது நாம காசு கொடுத்தோமா? அப்புறம் என் பட்டறையில ஒருத்தனுக்கு விரல் போச்சே. அவன் வீட்டுக்கும் இன்சூரன்ஸ் ஆபீஸுக்கும் அலைஞ்சு, நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தா. இல்லன்னா அன்னைக்கே பட்டறைக்குப் பூட்டுதான். வக்கீல் வச்சிருந்தா என்ன கேட்டிருப்பான்? ஏன், உங்க அம்மாவுக்கு ராத்திரி பாத்துக்க ஆள் புடிச்சுக் கொடுத்தது யாரு மாமா?"

என் தலையும் உருண்டதும் நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவன் நிறுத்துவதாக இல்லை. விலை ஏற ஏற அவன் குரலும் ஏறியது. அவளைப் பற்றி அவன் இவ்வளவு நல்ல வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தியாகி தலை குனிந்திருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"ஒண்ணை விட்டுட்டீங்களே" என்றாள் மச்சான் மனைவி, வாசலிலிருந்து.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"மெஷின் வாங்க வெளியூர் போனீங்களே, ரெண்டு மாசம். அது எந்த ஊரு, என்ன மெஷின்னு சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெஷின் வாங்கப் போயிருக்கிறான் என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். என் மனைவியும் முழித்தாள்.

"அண்ணி, அது வேணாம்" என்றாள் தியாகி. அன்றைக்கு அவள் உருப்படியாகப் பேசியதே அதுதான். "அதை இங்க பேசக் கூடாது. என் வேலையில அதெல்லாம் வெளிய சொல்றதில்லை. விலையிலயும் சேக்க வேணாம் மாமா."

மச்சான் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு என்னிடம் சொன்னான்: "குடியை நிறுத்தப் போயிருந்தேன் மாமா. இவதான் கொண்டுபோய்ச் சேத்தா. வாரா வாரம் வந்து பாத்துட்டுப் போனா. பட்டறையில ஒருத்தனுக்கும் தெரியாது. சரி, அதையும் சேத்துக்குங்க."

அந்த நிலையிலும் பேரத்தை விடவில்லை. ஆனால் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவனை நான் கஞ்சன் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குப் பாவமாக இருந்தது.

நான் கேட்டேன். "மாப்ளே, இவ்வளவு நேரம் நீ சொன்னதுல அவளோட சொந்தச் சவாரி ஒண்ணாவது இருக்கா?"

அவன் யோசித்தான். விரலை மடக்கிக்கூடப் பார்த்தான்.

"அப்பாவுக்கு ஓடியிருக்கு. உன் பட்டறைக்கு ஓடியிருக்கு. எனக்கு ஓடியிருக்கு. உனக்கும் ஓடியிருக்கு. அவளுக்கு மாசாமாசம் ஒரு சம்பளம், அதை வச்சு வங்கியில கடன்கூட வாங்க முடியல. வீடே ஏறி ஓட்டுன வண்டியை ஒருத்தர் பங்குல எழுத எனக்குத் தெரியாது. வேனை மறந்துரு. மூணு பங்கும் சமம்."

"நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்" என்றான் மச்சான். கோபமாகத்தான் சொன்னான். ஆனால் மறுத்துப் பேசவில்லை. அவன் மனைவி உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

தியாகியை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். பின்சீட்டில் என் மனைவி தூங்கிவிட்டாள். முன்சீட்டில் தியாகி ஜெயித்த முகமாக இல்லாமல், பையை மடியில் வைத்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பையில அப்படி என்னம்மா?" என்று கேட்டேன்.

"சம்பளச் சீட்டு மாமா. எல்லாத்தையும் கொண்டு வந்தேன்."

"எதுக்கு?"

"என் படிப்புக்கு ஒரு மதிப்பும் இல்லன்னு காட்டத்தான். நேத்து கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லியே பாத்தேன். மொதல்ல வாய் வரல. நாலஞ்சு தடவை சொன்னதும் நல்லாவே வந்துச்சு." சிரிக்கப் பார்த்தாள். "நல்லவேளை, நீங்க அண்ணனை முதல்ல பேச விட்டீங்க."

அவள் முதலில் பேசியிருந்தால், அந்தச் சீட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆமாம், ஒன்றும் பெறாது என்று நானும் சொல்லியிருப்பேன். பங்கு அவளுக்கு அப்படியும் கிடைத்திருக்கும்.