சிரிப்பு மாமியாருக்கு ஒரு தரைத்தள வீடு

வாடகைக்கு வீடு தேடுவதில் அவளுக்கு இருந்த சங்கடம் ஒன்றுதான்: போகிற இடத்திலெல்லாம் அவள் முகம் தெரிந்திருந்தது, பெயர் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

திரைத்துறைக்கு வந்த புதிதில், கதாநாயகியின் தோழிகளுள் ஒருத்தியாக வரிசையின் ஓரத்தில் நின்றாள். பிறகு, "டாக்டர் வந்துட்டாரு" என்று மட்டும் சொல்லும் நர்ஸாகப் பல படங்களில் கதவைத் திறந்துவிட்டாள். ஒருநாள், கொடுமைக்காரச் சிற்றன்னையாக நடிக்க வேண்டியவர் வராமற்போகவே, இயக்குநர் அவளை இழுத்து நிறுத்தினார். கிடைத்த வாய்ப்பை விடக்கூடாதென்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"கத்தாதீங்கம்மா. கத்துறதுக்குத்தான் ஹீரோ இருக்காரே! நீங்க சிரிங்க. சிரிச்சுக்கிட்டே பால்ல விஷத்தக் கலக்குங்க" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். அருகில் விளக்கைப் பிடித்திருந்தவர் தம்மை அறியாமல் ஓரடி பின்வாங்கினார். அன்றிலிருந்து அவளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. மாமியார், நாத்தனார், முதலாளியின் அக்காள் என்று உறவுகள் மாறினவே தவிர, சிரிப்பு மாறவில்லை. 'சிரிப்பு மாமியார்' என்பது பார்த்தவர்கள் வைத்த பெயர்.

அவள் கணவர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். பிரேக்கை மிதித்து மிதித்தோ என்னவோ, வலது முட்டி அவரைக் கைவிட்டுவிட்டது. குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சித் தளம். மருத்துவமனைக்குப் போகும் நாள் தவிர மற்ற நாளெல்லாம் அவர் சன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகும் பேருந்துகளின் ஓட்டுநர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தால் அந்த மனிதர் மறுபடியும் தெருவில் கால் வைப்பார். ஆனால் பார்க்கப்போன வீடுகளுக்கெல்லாம், அவள் தலையைக் கண்டதும், வெளியூரிலிருந்து வீட்டுக்காரரின் தம்பி ஒருவன் திடீரென்று குடிவரத் தயாராகிவிடுவான். காரணம் அவளுக்கு விளங்கவில்லை.

"அக்கா, இந்த வீட்டுக்காரம்மா ஆளப் பார்த்துத்தான் சாவி குடுப்பாங்க. கொஞ்சம் சிரிச்ச முகமா பேசுங்க" என்று தரகர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

அப்படித்தான் பேசினாள். அழைப்புமணியை அழுத்துமுன்பே முகத்தில் சிரிப்பை ஏற்றிவிட்டாள். கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா, பிடித்த தாழ்ப்பாளை விடாமல் ஒரு கணம் நின்றார்.

வீடு சொல்லிவைத்தாற்போல் அமைந்திருந்தது. வாசலுக்கு ஒரே ஒரு படி, அகலமான கூடம், பின்பக்கம் துணி காயப்போட இடம். "நீங்க பேசிக்கிட்டிருங்க. நான் தண்ணி ஒழுங்கா வருதான்னு பார்க்கறேன்" என்று கணவர் கைத்தடியுடன் பின்பக்கம் போனார்.

வீட்டுக்காரம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். மரியாதையாக இருக்கட்டுமென்று அவள் ஒரு கோப்பையை எடுத்து, இரு கைகளாலும் அவரிடமே நீட்டி, "மொதல்ல நீங்க குடிங்கம்மா" என்றாள், தேனாக.

வீட்டுக்காரம்மா கோப்பையை வாங்கி, கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தார்.

"குடிங்கம்மா, ஆறிடும்."

"ஆறட்டும்."

அவள் இன்னும் கனிவாகச் சிரித்தாள். கன்னம் வலித்தது. "வீட்டக் கண்ணாட்டம் வச்சுக்குவோம்மா. எங்களால ஒரு சத்தம் வராது."

"அதான் எனக்கு..." என்று தொடங்கிய வீட்டுக்காரம்மா பேச்சை மாற்றினார். "பாருங்க, ஊர்லேர்ந்து எங்க தம்பி ஒருத்தன் வர்றேன்னு..."

வந்துவிட்டான் தம்பி. இதுவும் போனால், இனி இந்த மனிதருக்குச் சன்னல்தான் கதி. சிரிப்பைக் கலைக்காமல் பார்வையைத் திருப்பினாள். பின்பக்கச் சன்னலுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியொன்றின்மேல் ஏறி நின்று, சுவரின் உச்சியிலிருந்த குழாய் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார் கணவர். கைத்தடி தரையில் கிடந்தது. நாற்காலியின் கால் ஒன்று வளைந்துகொண்டிருந்தது.

"எறங்குங்க கீழ!"

சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த முதல் நாளுக்குப் பிறகு எந்த ஒலிப்பதிவுக் கருவியும் கேட்டிராத குரல் அது.

"இல்ல, வால்வு இறுகிக் கெடக்குதான்னு..."

"வால்வு கெடக்கட்டும், மொதல்ல வாலச் சுருட்டிக்கிட்டு எறங்குங்க! டாக்டர் தலபாடா அடிச்சுக்கிட்டாரே, காதுல ஏறுச்சா? விழுந்து வச்சா யாரு தூக்குறது? உங்களுக்காக ஊரெல்லாம் வீடு தேடி என் கால் தேயுது, நீங்க இங்க சர்க்கஸ் காட்டுறீங்களா?"

சொல்லிக்கொண்டே ஓடிப்போய் அவர் இடுப்பைப் பிடித்து இறக்கி, கைத்தடியை எடுத்துக் கையில் திணித்தாள். பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. மூச்சிரைக்கத் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இல்லை, தேடியும் அகப்படவில்லை.

பின்வாசற்படியில் வீட்டுக்காரம்மா வாயைப் பிளந்து நின்றார்.

"நீங்க கத்துவீங்களா?"

"மன்னிச்சுக்கங்கம்மா, ஏதோ பதற்றத்துல..."

"எதுக்கு மன்னிப்பு? இத மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா?" வீட்டுக்காரம்மா நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். "நீங்க நடிச்ச படம் ஒண்ணு விடாம பார்த்திருக்கேன். ஒருதடவகூட நீங்க கொரல ஒசத்தினதில்ல. சிரிச்சீங்கன்னா, யாரோ ஒருத்தர் கத முடிஞ்சுதுன்னு அர்த்தம். வாசல்ல நின்னு சிரிச்சீங்க பாருங்க, எனக்கு ஈரக்கொலயே நடுங்கிப்போச்சு. புருஷன இப்படி வாய்நெறயத் திட்டுறவங்க வீட்டுல என்ன பயம்?"

"அப்ப உங்க தம்பி?" என்றார் கணவர், முட்டியைத் தடவிக்கொண்டே.

"எந்தத் தம்பி? நான் ஒத்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சாவியுடன் திரும்பி வந்தார்.

சாவியை வாங்கி அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். வெளியே வந்ததும் கணவர் அந்த ஒற்றைப் படியை இறங்கினார்; என்ன நினைத்தாரோ, திரும்பி ஏறி, மறுபடியும் இறங்கினார். இந்த முறை அவள் திட்டவில்லை.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்று வாசலிலிருந்து வீட்டுக்காரம்மா கூப்பிட்டார். "காலைல கோலம் போடறப்ப வாசல்ல எதிர்ப்பட்டா, தயவுசெஞ்சு என்னப் பார்த்துச் சிரிச்சிடாதீங்க."

அவள் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "சரி" என்றாள்.

வீட்டுக்காரம்மா நிம்மதியாகச் சிரித்தார்.