மூன்று விரல் நரி

கைலாசத்தின் பட்டியில் அந்த நரி முதலில் ஒரு குட்டியைத் தூக்கியது. பிறகு இன்னொன்று. மூன்றாம் முறை தாயாட்டின் மடியையே கடித்துக் கிழித்துவிட்டுப் போனது. ஆடு பகலெல்லாம் கத்திவிட்டு, பொழுது சாயச் செத்தது. கைலாசம் சோற்றை ஒதுக்கிவிட்டு வேல்கம்பைத் தீட்ட உட்கார்ந்தார்.

பட்டிச் சேற்றில் ஒரு முன்னங்கால் தடத்தில் மூன்றே விரல். அதைப் பிடித்துக்கொண்டு போனால் பனமரத்துப்பட்டி ஏரியைச் சுற்றி வடகரைக் கரட்டுக் குன்றில் ஏறியது. அவர் கால் வைத்தறியாத காடு. அவசரப்படவில்லை. முதல் நாள் வெறுங்கையோடு நடந்தார். நரி தண்ணீருக்கு எந்த வழியில் இறங்குகிறது, எந்தப் பாறையில் எச்சமிடுகிறது என்று பார்த்தார். எச்சத்தைக் குச்சியால் கிளறினால் இலந்தைக் கொட்டையோடு ஆட்டு மயிர். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பிடி புழுதியை உதிர்த்துக் காற்றின் போக்கைப் பார்த்தார்.

கரட்டடியில் புல் அறுத்துக்கொண்டிருந்த வடகரைக்காரி செல்லாயி நிமிர்ந்தாள்.

"ஏனுங்ணா, புது ஆளா இருக்கறீங்க. ஆட்டத் தொலச்சுப்போட்டீங்களா?"

"தின்னவனத் தேடறேன் அம்மிணி."

"கெடச்சா?"

"தோல உரிச்சுப் பட்டிக் கதவுல தொங்க உடுவேன். நாறட்டும்."

"மூணு வெரல் நரிங்களா? அந்தப் பாறைக்கு அடியிலதான் வளை. விடியறப்ப வந்து நொழையும். அதுக்கு உங்களவிட வெவரம் சாஸ்திங்க!"

மறுநாள் விடியலில் எதிர்க்காற்றில், புதருக்குள் வேல்கம்போடு பதுங்கியிருந்தார். நரி வந்தது. எட்டிக் குத்தும் தூரத்தில் நின்று, அவரை நேருக்கு நேர் பார்த்தது.

கைலாசத்தின் ஊர் உள்பட அந்த வட்டாரத்தில் பொங்கல் தோறும் நரியை வலைபோட்டுப் பிடித்துவந்து, ஊரே அதன் முகத்தில் விழித்துக் கும்பிட்டுவிட்டுக் காட்டில் விடும். காலையில் நரி முகம் கண்டால் அந்த வருஷம் நல்ல வருஷம். நடை பழகும் முன்பே பழகிய கும்பிடு. கைலாசத்தின் இரண்டு கைகளும் தாமாகக் குவிந்தன. வேல்கம்பு பாறையில் விழுந்து கணீரென்றது. நரி சாவகாசமாக வளைக்குள் போனது.

"தூ! வெக்கங்கெட்ட கை!" என்று தன் கையையே அறைந்தார்.

புல்லுக்கு வந்திருந்த செல்லாயி, கணீரென்ற சத்தத்தில் திரும்பி அவர் குவித்த கையைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கும்புட்டீங்களா! என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"இது சாவோணும்னு."

"அதுங்கிட்டயேவா!"

கைலாசம் வேல்கம்பை எடுத்து முனையைத் துடைத்தார். காற்றுக்கு எதிரே, வளையின் வாயிலைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்தார்.

"கும்புடு காலம்பற மொகத்துக்குத்தான் அம்மிணி. பொழுது எறங்குனா வெளிய வந்துதான் ஆவோணும். அந்த மொகத்துக்குக் கும்புடு கெடையாது."