இடமிருந்து மூன்றாவது

எங்கள் ரேவன்ஷா ஊர் வரலாற்றுச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய போட்டோ எது வந்தாலும், அதில் இருப்பவர்களின் பெயரைப் பின்பக்கத்தில் எழுதுவோம். சந்தேகம் இருந்தால் பென்சில். இரண்டு சாட்சிகள் ஒத்துப்போனால் மை. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான். முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து, எவனுக்கு எவள் கடிதம் போடுகிறாள் என்று உறையின் மேல் இருக்கும் கையெழுத்தை வைத்தே சொன்னவள் நான். பெயர் விஷயத்தில் நான் தப்பு செய்யமாட்டேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு மெதடிஸ்ட் சபையின் பின்னறையில் கூடும் ஏழு கிழடுகள், ஒரு தேநீர்க் கெண்டி, நமத்துப்போன பிஸ்கட். திரையில் பழைய படங்களைப் போட்டு, இது யார், அது யார் என்று சண்டை போட்டுக்கொள்வோம். பஞ்சாலைகள் மூடி நாற்பது வருஷமாகிறது. இந்த ஊரில் புதிதாக நடப்பதற்கு ஒன்றும் இல்லை, செத்தவர்களைப் பற்றிய சண்டைதான் மிச்சம். இந்த வருஷம் சபைக் கட்டடத்தையும் விற்றுவிட்டார்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று முடிவு செய்தோம்.

செப்டம்பரில் ஒரு நாள், நானும் நாரிஸும் படங்களைச் சுவரளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாரிஸ் பழைய தையல்காரர். எண்பத்து மூன்று வயது, வாய்க்கு மட்டும் வயதே ஆகவில்லை. திரையில் 1938ஆம் வருஷத்துப் பெந்தெகொஸ்தே பண்டிகை ஊர்வலப் படம் விழுந்தது. சபைச் சுவருக்கு முன்னால் புதுக் கோட்டு போட்ட ஒன்பது சிறுவர்கள். நடுவில் நிற்பது நாரிஸேதான்.

"ஏம்மா எட்னா, இதென்ன கூத்து?" என்றார். "எங்க ஒன்பது பேருக்கும் பொம்பளைப் பிள்ளைங்க கோட்டை மாட்டி விட்டிருக்காங்க."

"உளறாதீங்க."

"நாப்பது வருஷம் கோட்டு தைச்சவன் சொல்றேன், கேளு. ஆம்பளைக் கோட்டுக்கு இடது பக்கம்தான் மேல வந்து பொத்தான் போடணும். பொம்பளைக்கு வலது பக்கம். இங்க பாரு, அத்தனை பேருக்கும் வலதுதான் மேல. ஒருத்தனுக்குன்னா, சரி, அக்காவோடதை மாட்டி விட்டுட்டாங்கன்னு விடலாம். ஒன்பது பேருக்குமா?"

"பதினெட்டு வருஷமா இந்தப் படத்தைப் பார்க்கறீங்க. இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

"நான் என் மூஞ்சியைத் தவிர வேற எதைப் பார்த்தேன்?" என்று சிரித்துவிட்டு பிஸ்கட்டை எடுக்கப் போய்விட்டார். அவருக்கு அது அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தேன். 1996இல் ஊர் மருந்துக்கடையைக் காலி செய்தபோது பரணில் கிடைத்த கண்ணாடித் தகடுகள், அதாவது பழைய போட்டோ நெகட்டிவ்கள், அதில்தான் இருந்தன. அந்த மருந்துக்கடைக்காரர்தான் அந்தக் காலத்தில் ஊருக்கே படம் எடுத்தவர். ஒவ்வொரு தகட்டையும் ஒரு உறையில் போட்டு, நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக வரிசையாக எழுதி வைத்திருந்தார். அவற்றைக் கடையில் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள் என்று, நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்துப் பழகி, என் வீட்டுப் பின்கட்டிலேயே நான் பிரதி எடுத்தேன். தகட்டுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். மங்கலான பக்கம் காகிதத்தைப் பார்த்து இருக்க வேண்டும்.

ஜன்னல் வெளிச்சத்தில் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அந்த ஒன்றை மட்டும் பக்கம் மாற்றி வைத்துவிட்டிருக்கிறேன். படத்தில் இடம் வலமாகிவிட்டது, வலம் இடமாகிவிட்டது. சபையின் பெயர் எழுதிய கொடித்துணியாவது விரிந்து இருந்திருந்தால் எழுத்து காட்டிக்கொடுத்திருக்கும். அன்றைக்கு மழைக்குப் பயந்து அதைச் சுருட்டியே வைத்திருந்தார்கள். நடுவில் நின்ற நாரிஸ் எந்தப் பக்கம் திருப்பினாலும் நடுவில்தான் நிற்பார். 'ஆமா, அது நான்தான்' என்று அவர் 1996இல் சொன்னதும், மற்ற எட்டுப் பெயரும் சரிதான் என்று நான் எழுதிவிட்டேன்.

ஆறு பேரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. யார் யாரோ, எங்கெங்கோ போய்விட்டவர்கள். இடமிருந்து மூன்றாவது வில்ஃப். வலமிருந்து மூன்றாவது எர்னி. என் உயிரை வாங்கியது அந்த இரண்டு பெயர்கள்தான்.

வில்ஃப், எங்கள் ஊர் ஆலைத் தொழிலாளி கிளிஃபர்டின் தம்பி. அந்த ஊர்வலம் முடிந்து இரண்டு மாதத்தில், ஆறு வயதில், பஞ்சாலைக் குளத்தில் மூழ்கிச் செத்தான். அன்றைக்கு அவனோடு குளத்தில் இருந்தது எர்னி. ஏழு வயது. பயந்துபோய் வீட்டுக்கு ஓடி, கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு, விளக்கு ஏற்றிய பிறகுதான் வாயைத் திறந்தான். உடனே சொல்லியிருந்தால் வில்ஃப் பிழைத்திருப்பானோ என்னவோ. கிளிஃபர்ட் அதற்கப்புறம் எர்னியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஆலையில், ஒரே நூற்புக் கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தார்கள், பேசியதில்லை. எர்னி எதிரே வந்தால் கிளிஃபர்ட் தெருவைத் தாண்டி மறுபக்கம் போய்விடுவார்.

படம் கிடைத்த வருஷம் கிளிஃபர்டைக் கூப்பிட்டு, இடமிருந்து மூன்றாவது பையனைக் காட்டினேன். "வில்ஃப்தானே?" அவர் வெகுநேரம் பார்த்தார். அன்று ஊர்வலத்துக்கு வராமல் தட்டம்மையில் வீட்டில் படுத்திருந்தவர் அவர். அறுபத்தாறு வயது மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். "ஆமா" என்றார். நான் மையில் எழுதினேன். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது தகட்டைச் சரியாக வைத்து மறுபடி பிரதி எடுத்தேன். உண்மையான வில்ஃப் தெரிந்தான். தெரிந்தான் என்று சொல்ல முடியாது. படம் எடுக்கும் நேரத்தில் எதையோ பார்க்கத் தலையைத் திருப்பியிருக்கிறான். கோட்டும் முழங்காலும் துல்லியமாக இருக்கின்றன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாவைத் தேய்த்தது போல ஒரு வெள்ளை. பதினெட்டு வருஷமாக கிளிஃபர்ட் தலைமாட்டில் வைத்திருக்கும் முகம் எர்னியுடையது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1996 கண்காட்சிக்கு எர்னி வந்திருந்தார். இந்தப் படத்துக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றார். அவர் பெயருக்கு மேலே அந்த வெள்ளைக் கறைதான் இருந்தது.

"நான் ஆடிட்டேன் போல" என்றார்.

"நீங்க என்னைக்கு ஒரு இடத்துல நின்னிருக்கீங்க? ஓடற ஆளாச்சே" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குளத்தை நினைத்துத்தான் சொன்னேன், இல்லையென்று சொல்லமாட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"இது அப்படியே இருக்கட்டும், எட்னா. எதையும் மாத்திடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தன் முகம் யாருக்கும் மறந்துபோகாது. வில்ஃபின் பெயருக்கு மேலே இருந்தது தன்னுடைய முகம் என்று தெரிந்தேதான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். செத்துப் பதினொரு வருஷமாகிறது. மன்னிப்புக் கேட்க ஆளில்லை.

மறுநாள் புதுப் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மேட்டுத் தெரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். எண்பத்து நான்கு வயது கிளிஃபர்டுக்குப் பஞ்சுத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. டாக்டர் நாள் குறிக்கவில்லை, அவ்வளவுதான். அறை முழுக்க அவித்த முட்டைக்கோஸ் வாசனை. கோட்டைக் கழற்றி மேஜையில் போடப் போனேன்.

"அவன் மேல போட்டுடாதே" என்றார். மேஜையில் அந்தச் சட்டம் இருந்தது.

"கிளிஃபர்ட், இந்தப் படத்தைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்கும் ஒண்ணு சொல்லணும். நான் முதல்ல சொல்லிடறேன். எனக்கு மூச்சு கம்மி. உனக்குத்தான் நிறைய இருக்கே, ஊருக்கே தெரியும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவனுக்குன்னு இருந்தது ஒரே ஒரு படம். அம்மா மடியில உட்கார்ந்திருப்பான். தனியாப் படுத்தா பயப்படுவான்னு அம்மா அதை அவன் சவப்பெட்டியிலேயே, கையில வைச்சு மூடிட்டா." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு வருஷத்துல எனக்கு அவன் மூஞ்சி மறந்துபோச்சு, எட்னா. யார்கிட்டயும் சொன்னதில்லை. ஒரே போர்வைக்குள்ள கூடப் படுத்த தம்பி. நினைச்சுப் பார்த்தா ஒரு குல்லாவும் முழங்காலும்தான் வரும்."

"ஆனா அன்னைக்கு நான் காட்டினப்ப ஆமான்னீங்களே."

"எனக்கு எங்க தெரிஞ்சுது? நீ கேட்டே, ஆமான்னேன். எட்னா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பினேன். பார்க்கப் பார்க்க அவனே ஆயிட்டான். ராத்திரி விளக்கணைக்கறதுக்கு முன்னாடி அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் படுப்பேன்." சட்டத்தைப் பார்த்தார். "அந்த எர்னிப் பயலைத்தான் என்னால மன்னிக்க முடியலை. அறுபத்தஞ்சு வருஷம் அவன் மூஞ்சியை ஏறெடுத்துப் பார்க்கலை. பார்க்கவும் மாட்டேன்."

இரண்டு சாட்சி என்று நான் பெருமையடித்த இடத்தில் ஒரு சாட்சிகூட இருந்ததில்லை. என் வாயிலிருந்து போனதுதான் அவர் வாய் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

"சரி, நீ என்ன சொல்ல வந்தே?"

கைப்பையின் மேல் என் கை இருந்தது. "சபையை வித்துட்டாங்க" என்றேன்.

"அவ்வளவுதானா? அது போன மாசமே எல்லாருக்கும் தெரியுமே. உனக்கு வயசாயிடுச்சு, எட்னா." சிரிக்கப் பார்த்து இருமினார். இருமல் அடங்கியதும் சட்டத்தைக் காட்டினார். "அதைக் கழட்டு. படத்தை மட்டும் என் பெட்டியில வைக்கச் சொல்லியிருக்கேன், அம்மா வைச்ச மாதிரியே. பின்னாடி பேர் எழுதிக் குடு. மையில எழுது. மேல போனா யாருன்னு கேப்பாங்க இல்ல?"

பின்பலகையைக் கழற்றினேன். படத்தின் வெள்ளை முதுகு தெரிந்தது. பேனாவின் மூடியைத் திறந்தேன். 'வில்ஃப் கிரீன்ஹால், ஆறு வயது, ரேவன்ஷா' என்று எழுதினேன். என் எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை வெட்கமாக இருக்கிறது. அவர் அதைக் கண்ணுக்கு அருகே வைத்துப் படித்துவிட்டு, "உன் கையெழுத்து எவ்வளவு அழகு" என்றார்.

நவம்பரில் போய்விட்டார். தம்பியின் குழியிலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். தூறலில் நாங்கள் ஐந்தாறு பேர் குடை பிடித்து நின்றோம். பாதிரியார் ஜெபத்தை அவசரமாக முடித்தார்.

"தம்பி படத்தை நெஞ்சு மேலயே வைச்சிருக்காங்க, பார்த்தியா?" என்றார் நாரிஸ் என் காதருகே. "எப்படியோ, அண்ணனும் தம்பியும் சேர்ந்தாங்க."

"ஆமா" என்றேன்.

அந்த மண்ணுக்கடியில், ஒரு குழந்தையின் கை இருந்த இடத்தில், அம்மா வைத்த படம் கிடக்கிறது. வில்ஃபின் முகம் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதற்கு மேல் எர்னியின் முகத்தை அணைத்துக்கொண்டு கிளிஃபர்ட் இறங்கினார். நான் கைப்பையைத் திறந்தேன். புதுப் பிரதி உள்ளேதான் இருந்தது. குழிக்குள் போட்டுவிடலாம் என்று பாதி வெளியே எடுத்தேன். நாரிஸ் திரும்பிப் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

அது இப்போதும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எடுத்துப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்காருகிறேன். இந்த முறை எனக்குச் சந்தேகமே இல்லை, மையிலேயே எழுதலாம். இன்னும் பென்சிலைக்கூட எடுக்கவில்லை.