எடுத்துக்காட்டு வாக்கியம்

நடந்ததைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அக்கா தங்கை இருவரில் பெரியவள் இதை என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை, அன்று மழை என்றாள். இன்னொரு தடவை, கொடியிலிருந்து எடுத்த துணி வெயிலில் மொறமொறவென்று காய்ந்திருந்தது என்றாள். தங்கை சிரித்தாள் என்பது மட்டும் இரண்டிலும் மாறவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சொல்கிறேன்.

பெரியவளுக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுத வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி, கடைசியில் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். அந்தக் கடைசியில்தான் எல்லோருக்கும் தாவு தீர்ந்துவிடும். தலைமைப் பதிப்பாசிரியருக்கு முற்றுப்புள்ளி என்று பட்டப்பெயர். அவர் பேசிய பிறகு அந்த அறையில் வேறு பேச்சு இருக்காது. வாக்கியத்தை உட்கார்ந்து கட்டக் கூடாது, உயிருள்ள யாராவது சொன்னதாக இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அதனால் அங்கே இருந்தவர்களுக்குப் பேருந்திலும் கடையிலும் காது நீண்டுவிட்டது. ஒருத்தர் கண்ணைக் கசக்கினால் பக்கத்து மேஜைக்காரர் பேனாவைத் தேடுகிறார் என்று அவர்களே கேலி பேசிக்கொள்வார்கள்.

'ஹ்யூமிலியேட்' பெரியவளின் பங்குக்கு வந்தது. லத்தீன் வேர். தரை, மண் என்று பொருள். பணிவைக் குறிக்கும் 'ஹம்பிள்' என்பதும் அதே மண்ணில் முளைத்ததுதான். ஒருவர் தானாகத் தாழ்ந்து பணிவதையும் 'ஹ்யூமிலியேட்' ஒரு காலத்தில் குறித்திருக்கிறது. நாளடைவில் அது அடுத்தவரைக் கூனிக் குறுக வைப்பதற்கு மட்டும் என்றாகிவிட்டது. பழைய பொருளுக்கு எதிரே 'வழக்கொழிந்தது' என்று குறி போட்டாள். முற்றுப்புள்ளிக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியாம்மா, நம்ம ஆளும் தோத்தா மண்ணைத்தானே கவ்வுறான். மானம் போனாலும் மண்ணோட மண்ணாத்தான் போகுது. எங்க போனாலும் ஒரே மண்ணு."

ஆனால் அவள் கொண்டுபோன வாக்கியங்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டார். "இதுல யாருக்கும் வலிக்கலையேம்மா."

அந்த வாரக் கடைசியில் சின்னவள் வந்தாள். கட்டிலில் குவிந்திருந்த துணியை இருவரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் ஒரு மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலைக்கு நேர்காணல் போய்வந்திருந்தாள். உங்களைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். கிடைக்கவில்லை. அது பெரியவளுக்கு முன்பே தெரியும். தெரியாதது மற்றொன்று.

"வீட்டுக்காரர் அவர் சிநேகிதங்களைக் கூட்டிட்டு வந்தாருக்கா. என் கைப்பையை எடுத்து நெஞ்சோட கட்டிக்கிட்டு, 'மைசெல்ஃப்... மைசெல்ஃப்...'னு என்னை மாதிரியே நடிச்சுக் காட்டினாரு. எல்லாரும் சிரிச்சாங்க." ஒரு சட்டையை உதறினாள். "நானும் சிரிச்சேன்."

பெரியவள் அதை வாங்கி மடித்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே. அவர் கெட்டவர் இல்ல. விளையாட்டுக்குத்தான்."

"நான் யார்கிட்டடீ சொல்லப் போறேன்."

அப்போது அதை மனதாரத்தான் சொன்னாள். ஆனால் சின்னவள் தெரு முனை திரும்புவதற்குள் அந்த இரண்டு சொல் அவள் காதில் மறுபடி ஒலித்தது. நானும் சிரிச்சேன். பெயர் போடப் போவதில்லை, ஊர் போடப் போவதில்லை, உலகத்தில் எத்தனை கணவன்மார், எத்தனை கைப்பை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கணவன் கைப்பையோடு நடித்துக் காட்டியதையும் அவளும் சிரித்ததையும் அன்றிரவே ஒரே வாக்கியமாக எழுதினாள். மறுநாள் முற்றுப்புள்ளி அதைப் படித்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னது?"

"பஸ்ஸுல கேட்டேன் சார்."

"இதுல ஒரு எழுத்தைத் தொடாதே."

தொடவில்லை.

அகராதி அச்சாகி வந்ததும் முதல் பிரதியைத் தங்கைக்குத்தான் கொடுத்தாள். அதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மறந்துவிட்டாயா என்றேன். மறக்கவில்லை, ஆனால் அகராதியை யார் கதைப்புத்தகம் மாதிரி படிப்பார்கள் என்று நினைத்ததாகச் சொன்னாள்.

சின்னவள் படித்தாள். அடுத்த நேர்காணலில் நாக்கு ஒட்டக் கூடாது என்று, முதல் எழுத்திலிருந்து தினமும் கொஞ்சம். தொலைபேசியிலும் கூப்பிடுவாள்.

"அக்கா, 'அபேட்'னா குறையிறதாமே. எங்க வீட்டுக் குழாயில காலையிலேர்ந்து தண்ணி அபேட் ஆயிடுச்சு."

பெரியவள் சிரித்தாள். வைத்த பிறகுதான் உறைத்தது. இவள் வரிசையாக வருகிறாள். ஒவ்வொரு பக்கமாக அந்த இடத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறாள்.

சொல்லிவிட வழி இல்லாமல் இல்லை. வாரக்கணக்கில் அவகாசம் இருந்தது. சி போயிற்று, டி போயிற்று. ஒவ்வொரு அழைப்பிலும் அவள் வாயைத் திறப்பாள். சாப்பிட்டியா, உடம்புக்கு எப்படி என்று ஏதோ வரும். மற்றதைச் சின்னவளே பேசுவாள்.

"இன்னிக்கு 'கல்லிபிள்'க்கா. எதைச் சொன்னாலும் நம்பிடுறவளாம். பக்கத்துல என் போட்டோவைப் போட்டிருக்கலாம் நீ."

"போடீ," என்றாள் பெரியவள். அடுத்த எழுத்து 'எச்' என்பது இருவருக்கும் தெரியும். 'ஹ்யூமிலியேட்' அதில்தான் இருக்கிறது என்பது ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு அழைப்பு நின்றது.

பெரியவள் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேரில் போனாள். வாசலில் தங்கையின் கணவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க, உங்க ஸ்டூடண்ட் உள்ளதான் இருக்கா" என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார். அவருக்கு எதுவும் தெரியாது. சின்னவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அகராதி அலமாரியில், எண்ணெய் ஜாடிகளுக்கு மேலே இருந்தது.

"வாக்கா. உட்காரு."

"போனே காணோமேன்னு..."

"வேலை."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவள் அலுவலகத்துச் சட்டத்தை விளக்கத் தொடங்கினாள். உயிருள்ள வாக்கியம்தான் வேண்டும் என்பார்கள், பெயர் எங்கேயும் இல்லை, பஸ்ஸில் கேட்டதாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று. சொல்லச் சொல்லத் தன் குரல் தனக்கே ஆபீஸ் குரலாகக் கேட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

சின்னவள் குழாயை மூடினாள்.

"நல்லாத்தான்க்கா எழுதியிருக்கே. எனக்கே படிச்சதும் பாவமா இருந்துச்சு, யாரோ ஒருத்தின்னு." கையைத் துடைத்தாள். "அவர் பண்ணினப்ப ரூம்ல அஞ்சாறு பேர் இருந்தாங்க. அவங்க மறந்திருப்பாங்க. உன் புத்தகத்துல அது எப்பவும் இருக்கும்ல?"

சின்னவள் பால் பாத்திரத்தை எடுத்தாள்.

"டீ போடட்டுமா?"

"போடு."

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். மன்னிச்சுக்கோ என்ற ஒரு சொல்லை அன்றும் சொல்லவில்லை. பிறகு அதைச் சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் அமையவும் இல்லை.

முற்றுப்புள்ளி ஓய்வு பெற்று, மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டாம் பதிப்பில் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, அதிகாரி எல்லோர் முன்னாலும் திட்டினார் என்ற, முற்றுப்புள்ளி முன்பு அடித்த வாக்கியத்தைப் பெரியவள் போட்டாள். அடிக்க யாரும் இல்லை. முதல் பதிப்பு நூலகங்களில் அப்படியேதான் இருக்கிறது. தங்கையின் கணவர் இன்னும் நண்பர்களை அழைத்து யாரையாவது நடித்துக் காட்டுகிறார். சின்னவள் அகராதியைக் கடைசி எழுத்துவரை படித்து முடித்தாள். வேறொரு மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள், நன்றாகவே ஆங்கிலம் பேசுகிறாள். பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் அக்காவைக் கூப்பிடுகிறாள். உடம்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுகிறாள். தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.