காணாமல் போனவரின் வீடு

சில்லுவுக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. தனியாக வாழும் மனிதர் ஒருவர் திடீரென்று காணாமல் போகிறார். அவரைத் தேடி ஒரு போலீஸ்காரர் அந்த வீட்டுக்குள் நுழைகிறார். கல்லூரியில் இறுதி ஆண்டுக்காக அவள் எடுக்கவிருந்த திரில்லர் படம் இதுதான். கதை முழுக்கப் போலீஸ்காரரின் குரலில் போவதாக எழுதி வைத்திருந்தாள். வீடுதான் கிடைத்தபாடில்லை. தெரிந்தவர்கள் வீடெல்லாம் சோபாவும் பொம்மையும் காயப்போட்ட துணியுமாக நிறைந்து வழிந்தன.

“இங்க ஒருத்தர் காணாமப் போனா, போயிட்டார்னு தெரியவே ஒரு வாரம் ஆகும்” என்றான் நெட்டை. படத்துக்கு அவன்தான் கேமரா.

கடைசியில் தயங்கித் தயங்கி அவனே கேட்டான். “தப்பா எடுத்துக்காத. உங்கப்பா தனியாத்தான இருக்கார்?”

சில்லு திரைக்கதையை மூடிப் பைக்குள் வைத்தாள். அப்பாவும் அம்மாவும் பிரிந்தபின் அப்பா நகரத்தின் மறுகோடியில் வாடகைக்குக் குடியேறியிருந்தார். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் கல்லூரி வாசலுக்கு வருவார். பக்கத்துக் கடையில் காபி குடிப்பார்கள். வீட்டுக்கு வா என்று அவர் கூப்பிட்டதில்லை. வரட்டுமா என்று அவளும் கேட்டதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா, இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலே, “போயிட்டு வா, நான் என்ன வேணாம்னா சொல்றேன்?” என்றாள். பிறகு, “லிஃப்ட் ரிப்பேர் பண்ற மனுஷன், லிஃப்ட் இல்லாத மாடியாப் பார்த்துப் பிடிச்சிருக்கார்” என்று சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்.

சில்லு போன் செய்தாள். “அப்பா, உங்க வீட்டுல படம் எடுத்துக்கலாமா?”

“என் வீட்டுலயா? இங்க ஒண்ணுமே இல்லையேம்மா.”

“ஒண்ணும் இல்லாத வீடுதாம்ப்பா வேணும்.”

“சரி, வாங்க” என்றார்.

உள்ளே காலெடுத்து வைத்ததுமே நெட்டை சொக்கிப்போனான். ஒற்றை அறை. சுவரில் ஈரம் ஏறி, பெயிண்ட் உப்பி உதிர்ந்துகொண்டிருந்தது. வயரில் தொங்கும் பல்பு, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஆணியில் மாட்டிய வேலைச் சட்டை. “செட் போட்டாக்கூட இப்படி வராது அங்கிள். பார்த்தாலே திகிலா இருக்கு” என்றான்.

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தச் சுவரைப் பார்த்தார்.

போலீஸ்காரர் எங்கே நிற்பார், எந்த நேரத்தில் ஜன்னல் வெளிச்சம் கட்டில்மேல் விழும் என்றெல்லாம் இருவரும் பார்த்து வைத்தார்கள். அப்பா நெட்டைக்குக் காபி கொடுத்தார். அவன் குடித்து முடித்ததும் அதே டம்ளரைக் கழுவி சில்லுவுக்கு ஊற்றினார். அவள் கவனிக்காதவள்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒத்திகைக்காக அடுத்த வாரம் மறுபடி போனார்கள். படியேறும்போதே பெயிண்ட் வாசனை அடித்தது. கதவைத் திறந்த அப்பாவின் காதோரம் இளநீலத் தீற்றல் ஒன்று இருந்தது. சுவர்களும் அதே நீலம். ஜன்னலில் பூப்போட்ட திரை. பல்புக்கு ஒரு கூடு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மூன்று நாற்காலிகள் வரிசையாக நின்றன.

“போச்சு” என்று நெட்டை பையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“யாருப்பா இதையெல்லாம் பண்ணச் சொன்னது?” சில்லுவின் குரல் உயர்ந்துவிட்டது. “அந்தச் சுவருக்காகத்தான இந்த வீட்டைப் பிடிச்சோம்.”

அப்பா கையைத் துணியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. “உன் காலேஜ்ல எல்லாரும் பார்க்கப் போற படம். இவங்கப்பா இப்படி ஒரு வீட்டுலயா இருக்கார்னு உன்னை யாராவது கேட்டுட்டா?” சற்று நிறுத்தி, “வேணும்னா சுரண்டிடறேன். ஈரம் உள்ளதான் இருக்கு. தானா வந்துடும்” என்றார்.

அவளுக்கு அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. புது நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள், உறை சரசரத்தது. வேலை முடிந்து வந்து, அந்த ஒற்றை நாற்காலிமேல் ஏறி நின்று, இவர் தனியாகச் சுவர் சுவராகப் பெயிண்ட் அடித்திருப்பதை நினைத்துப் பார்த்தாள்.

பையிலிருந்து திரைக்கதையை எடுத்தாள். “நெட்டை, பேனா குடு. போலீஸ்காரர் வேணாம்.”

“அப்புறம் யாரு கதை சொல்றது?”

“காணாமப் போனவரோட பொண்ணு.”

முதல் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள். எழுதியதைப் படித்தாள்: “அப்பா காணாமப் போறதுக்கு முந்தின வாரம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சார். திரை மாட்டினார். யாருமே வராத வீட்டுக்கு மூணு நாற்காலி வாங்கிப் போட்டார். யாரை எதிர்பார்த்தார்னு எனக்குத் தெரியல.”

நெட்டை முழங்கையைத் தேய்த்துக்கொண்டான். “போலீஸ்காரர் சொன்னதைவிட இதுதான்டி பயமா இருக்கு.”

“எனக்கும்தான் ஒரு மாதிரி இருக்கு” என்றார் அப்பா.

அன்றைக்கே குரலைப் பதிவு செய்து பார்த்தார்கள். தெருச் சத்தம் உள்ளே வராமலிருக்க அப்பா மெத்தையைத் தூக்கி ஜன்னலில் அணைத்துப் பிடித்துக்கொண்டார். “யாரை எதிர்பார்த்தார்னு” என்ற இடம் வரும்போதெல்லாம் சில்லுவுக்குக் குரல் உடைந்தது. நெட்டை அலுக்காமல் மறுபடி மறுபடி பதிவு செய்தான். “அவசரமில்லம்மா, நிதானமாச் சொல்லு” என்றார் அப்பா, மெத்தைக்குப் பின்னாலிருந்து. கடைசியில் உடைந்த குரலே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

நெட்டை கேமராவைத் திருப்பிக் கொடுக்கக் கல்லூரிக்குக் கிளம்பினான். சில்லு எழுந்திருக்கவில்லை.

“அது சரி, அந்த ஆளு எங்கதான் போனார்?” என்று கேட்டார் அப்பா.

“அதுதாம்ப்பா இன்னும் பிடிபடல.”

அவர் ஒரு நாற்காலியின் உறையைப் பிரித்து அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எங்கேயும் போகலன்னு வெச்சுக்கோயேன். இங்க இல்லன்னாலும் கதையில அதே கட்டடத்துல லிஃப்ட் இருக்கட்டும், அதுக்கு மேல ஒரு மோட்டார் ரூம் இருக்கும். யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க.”

“அங்க எதுக்குப்பா ஒளியணும்?”

“அதுக்கும் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன்” என்று ஆரம்பித்தார். காபிக் கடையில் கேள்வி கேட்டால் மட்டுமே வாய் திறக்கிற மனிதர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் நம்பவே முடியாத யோசனைகள். ஒன்றிரண்டு தேறும்போலத்தான் இருந்தது. சில்லு பேனாவை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.